ஐந்து வண்டிக்கு மேல் அனுமதி இல்லை

விடியற்காலையில் சங்கு அலறியது.

பழைய ராணுவ முகாமின் அபாயச் சங்கு. எதிரி விமானம் வந்தால் ஊதுவதற்கென்று வைத்தது. அது ஓய்வதற்குள் எங்கள் குடியிருப்பின் ஆண்களில் பாதிப் பேர் அணிவகுப்பு மைதானத்தில் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். சிலர் இரவு அங்கியில். ஒருவர் வாயில் பற்பசை நுரையோடு. எல்லோரும் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். சங்குச் சத்தம் காதில் விழுந்தால் கால்கள் தாமாக ஓடும்.

ஊதியவர் என் கணவர், ஓய்வுபெற்ற மேஜர் நவாஃப்.

"இன்னைக்கு என் பொண்ணக் கேட்டு கரக் ஊர்லேருந்து ஆளுங்க வர்றாங்க. மைதானத்துல ஒரு சிகரெட் துண்டு கிடக்கக் கூடாது. பொறுக்குங்க!"

பொறுக்கினார்கள். நான் சன்னல் கதவை அடித்துச் சாத்தினேன்.

ஸர்க்கா நகரத்துக்கு வெளியே இருந்த இந்த முகாமைக் காலி செய்து, சிப்பாய்களின் கூடங்களைத் தடுத்து வீடுகளாக்கி, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்தது. ஆயுதக் கிடங்கு மளிகைக் கடையானது. மைதானத்தில் மரம் நட்டு, ஊஞ்சல் போட்டு, பூங்காவாக்குவதாகத் திட்டம். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, குடியிருப்போர் சங்கத்துக்கு என் கணவரைத் தலைவராக்கும் வரை. அதற்குப் பிறகு போன முகாம் திரும்பி வந்துவிட்டது. சாலையோரக் கற்களுக்கு மாதாமாதம் சுண்ணாம்பு. ஊஞ்சல் கம்பத்தில் கொடி. துணி காயப்போடக்கூட ஒரு விதி, அதுவும் உயரவாரியாக! குடியிருப்பு வாசலில் சாலைக்குக் குறுக்கே கிடக்கும் தடைக்கட்டையை எடுத்துப்போக வீட்டுவசதித் துறை ஆட்கள் வந்தபோதெல்லாம் காபி கொடுத்தே திருப்பி அனுப்பிவிட்டார். எத்தனை விதிகள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு விஷயம் வேறு. என் மகள் ஜுமானை ஔன் என்ற பையனுக்குக் கேட்டு ஜாஹா வருகிறது. பையனின் குலத்துப் பெரியவர்கள் எல்லாம் கூட்டமாக வந்து முறைப்படி பெண் கேட்பார்கள். பையனுக்கு அகபா துறைமுகத்தில் வேலை. என் கணவர் அவனைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. கிடைக்காத நாளிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்.

பிற்பகலில் மாடியிலிருந்து ஜுமான் கத்தினாள்.

"அம்மா! கலஃப் மாமா எல்லா வண்டியையும் வாசல்லயே நிறுத்தி வச்சிருக்காரு!"

கலஃப் எங்கள் வாயிற்காவலர். என் கணவரின் கீழ் சார்ஜன்டாக இருந்தவர்.

கணவர் கண்ணாடி முன்னால் நின்று தலைத்துண்டைச் சரிசெய்தபடி சொன்னார்: "அஞ்சு வண்டிக்கு மேல வந்தா ஒண்ணையும் விடக் கூடாதுன்னு விதி."

"பொண்ணு கேட்டு வர்றவங்கள வழியில நிறுத்தினா பொண்ணு இல்லைன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா எல்லாருக்கும் ஒரே விதி."

"போன் பண்ணித் திறக்கச் சொல்லுங்க."

"நானே வாயால சொன்னாலும் திறக்காதேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். சிபாரிசு நுழையக் கூடாதுல்ல?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் கூட்டம் அவமானப்பட்டுத் திரும்பிப் போனால், பிறகு எந்த முகத்தோடு என் மகளைக் கேட்டு வருவார்கள்? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பின்னால் அவர் நிதானமாக நடந்து வந்தார், ஊர்வலத்தில் வருவது போல.

காவலறைச் சன்னலில் எட்டிப் பார்த்தேன். வண்டிகளை நிறுத்திய கலஃப், வந்தவர்களை வெயிலில் நிறுத்தவில்லை. பாலைவனத்துப் பிள்ளை அவர். தன் வாசலுக்கு வந்தவனுக்குக் காபி கொடுக்காமல் இருந்தால் செத்துவிடுவார். பெரியவர் ஷேக் முஃப்லிஹை மெத்தையில் உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்திருந்தார். மற்றவர்கள் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள்.

கலஃபின் வெள்ளை மீசை, கஞ்சி போட்ட சட்டை, பதக்கம், காபிக் கெண்டி எல்லாவற்றையும் பார்த்த ஷேக், இவர்தான் பெண் வீட்டார் சார்பில் பேச வந்தவர் என்று நினைத்துவிட்டார். அப்பா பேசமாட்டார், அவருக்காக ஒரு பெரிய மனிதர் பதில் சொல்வார் என்பதுதான் எங்கள் வழக்கம். அந்தப் பெரிய மனிதராக நாங்கள் ஏற்பாடு செய்திருந்த பிரிகேடியர் எங்கள் சோபாவில் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

ஷேக் கோப்பையை வாயில் வைக்கவில்லை. மெதுவாகத் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

கலஃபின் முகம் வெளுத்தது. "குடிங்க ஷேக், ஆறிடும்."

"எங்களுக்கு ஒண்ணு வேணும்."

"என் கூரைக்குக் கீழ வந்து கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொன்னது எங்க வம்சத்துல கிடையாது. கேளுங்க." தடைக்கட்டையைத்தான் கேட்கப்போகிறார் என்று பாவம் நினைத்திருப்பார்.

ஷேக் கனைத்துக்கொண்டார். "மேஜர் நவாஃபோட பொண்ணு ஜுமான எங்க ஔனுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

கலஃபின் வாய் திறந்தபடி நின்றது. கெண்டியைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். சன்னலில் என்னைப் பார்த்தார்.

நான் சரியென்று தலையை ஆட்டினேன். கழுத்து சுளுக்கும் அளவுக்கு ஆட்டினேன்.

"குடிங்க ஷேக்," என்றார் கலஃப். "பொண்ணு உங்களுக்குத்தான்."

ஷேக் ஒரே மடக்கில் குடித்தார். சம்மதத்தை உறுதிப்படுத்த எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். அப்போதுதான் வந்து சேர்ந்த என் கணவரும் என்ன ஏதென்று தெரியாமல் பழக்கதோஷத்தில் கையேந்தினார். முடிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"டேய் கலஃப்! என் பொண்ணக் குடுக்க நீ யாருடா?"

"கோப்பையக் கீழ வச்சிட்டாரு சார். நான் என்ன பண்ணட்டும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சரி, தொலையட்டும். கட்டையத் தூக்கு."

"அது மட்டும் முடியாது சார். நீங்க வாயால சொன்னா தூக்கக் கூடாதுன்னு உத்தரவு."

ஷேக் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா! பொண்ணக் குடுத்துட்டான், கட்டையக் குடுக்க மாட்டேங்கறான்!"

இனி இந்த ஆண்களை நம்பிப் பயனில்லை. கட்டையின் மறுமுனையில் பாரத்துக்குத் தொங்கும் சிமெண்டுக் கல்லின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினேன். கட்டை கிரீச்சென்று வானத்துக்கு எழும்பியது. வண்டிகள் ஒலிப்பானை அலறவிட்டுக்கொண்டு, மாடியில் பெண்கள் குலவையிட, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. என் கணவர் ஓரமாக நின்று ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே புழுதி," என்றார். பிறகு வீட்டை நோக்கி நடந்தார், இந்த முறை நிமிராமல்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கலஃபிடம் திரும்பினேன்.

"இந்த அஞ்சு வண்டி விதிய அந்த மனுஷன் எந்தக் காலத்துல போட்டாரோ, இன்னையோட அதைத் தலைமுழுகு."

கலஃப் தலையைச் சொறிந்தார். "எந்தக் காலத்துலயும் இல்லம்மா. இன்னைக்குக் காலையிலதான் சார் வந்து சொல்லிட்டுப் போனாரு."