மூன்றாவது பாட்டில்

கடற்புல்லில் குடியிருக்கும் பூச்சிகளை எண்ணுவதுதான் சிவரஞ்சனியின் ஆராய்ச்சி. அரிசிக் குருணையில் பாதி இருக்கும் நத்தை, இறால் மாதிரி முதுகு வளைந்த ஒன்று, கண்ணுக்கே தட்டுப்படாத புழு. இலுப்பூரில் அவள் அப்பா, "எம் மக கடலுக்குப் பேன் பாக்குறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எறும்பும் தன் கையால் எண்சாண். அவளுக்கு அந்தப் பூச்சிகள்தான் உலகம்.

மணமேல்குடியில் அறை எடுத்து மைக்ராஸ்கோப் வைத்திருந்தாள். மாதம் ஒருமுறை படகுக்காரர் நாகராசு மூழ்கி, புல்லை வேரோடு எடுத்து மூன்று பாட்டில்களில் அடைத்துத் தருவார். கெடாமலிருக்க பார்மலின் ஊற்றுவது மட்டும் அவள் வேலை. அதையும் ஆடி மாதம் மூன்றாவது பாட்டிலுக்கு மறந்து தொலைத்தாள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் குடலைப் புரட்டும் நாற்றம், பூச்சியெல்லாம் கூழ். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மாதக் கணக்கு செல்லாது; ஒரு மாதம் விட்டுப்போனால் மொத்த ஆராய்ச்சியும் அரைகுறை. நாகராசுக்குப் போன் போட்டு அழுதாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா பாப்பா? காத்துதான் கொஞ்சம் கூடுதலா இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் காற்றைப் பார்த்துவிட்டு யாரும் படகு இறக்கவில்லை. அவர் இறக்கினார். சாயங்காலம் படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது, அடுத்த நாள் அவரும் ஒதுங்கினார். குறுக்குக் கட்டையில் கட்டியிருந்த பையில் புல் அடைத்த பாட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. படகு ஒதுங்கிய அன்றே யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். சிவரஞ்சனி அழுதுகொண்டே அதில் பார்மலின் ஊற்றினாள். இந்த முறை மறக்கவில்லை.

மீனுக்குப் போன இடத்தில் புல்லும் எடுத்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். பாட்டிலைத் திறக்க மட்டும் கை வரவில்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நாகராசுவின் மனைவி அழகி அறைக்கு வந்தாள். மேசையில் இருந்த பாட்டிலையே பார்த்தாள்.

"அவரு கொண்டாந்தது இதானே? எனக்குக் காட்டு."

சிவரஞ்சனி ஒரு கரண்டி எடுத்துச் சின்னக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அழகி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இத்துனூண்டா?"

"ஆமாங்கக்கா."

"இதுக்குத்தானா?"

அதற்குமேல் சிவரஞ்சனியால் தாங்க முடியவில்லை. "நாந்தாங்கக்கா மருந்து ஊத்த மறந்தேன். நான் அழுததாலதான் அண்ணன் போனாரு."

"தெரியும். போகாதீங்கன்னு வழிய மறிச்சேன். பாப்பா அழுவுதுன்னு சொல்லிட்டுப் போனாரு."

திட்டியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். அழகி திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எண்ணு. ஒண்ணு விடாம எண்ணிச் சொல்லு. எத்தன உசுருக்காக அவரு போனாருன்னு எனக்குத் தெரியணும்."

சிவரஞ்சனி குனிந்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். பதினேழுக்கு மேல் கண்ணீர் மறைத்து எல்லாம் கலங்கிப்போயிற்று.

"விட்டுப்போச்சுக்கா."

"மொதல்லேருந்து எண்ணு" என்றாள் அழகி.