யாரும் கூப்பிட முடியாத பிளேயர்

“நான் கேட்டது பாட்டு கேக்குற பிளேயர். நீ வாங்கிட்டு வந்திருக்கறது மாட்டுக்குக் கட்டுற மணி.”

“அது வாட்ச், அக்கா. பாட்டும் பாடும், போனும் பேசலாம். கத்தாத, மாடி முழுக்கக் கேக்குது.”

“கேக்கட்டும்.”

மாடி முழுக்க என்று அவன் சொன்னது என்னைத்தான். எதிர்வீட்டு வாசலில் குப்பைக் கூடையும் கையுமாக நின்றிருந்தேன். கூடையில் குப்பை இல்லை என்பது வேறு விஷயம்.

கத்தியவளுக்கு எங்கள் கட்டடத்தில் பல்செட் அக்கா என்று பெயர். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை. காலையிலிருந்து மாலைவரை குனிந்த தலை நிமிராமல் யாருடைய கடைவாயையோ செதுக்கிக்கொண்டிருப்பாள். வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் அவன் கைபட்டு ஓடுகிறது, எங்கள் கட்டடத்து லிஃப்டைத் தவிர. அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது. தினமும் நாற்பது நிமிஷம் நிற்காமல் படி ஏறி இறங்கவேண்டும், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மாத்திரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஏறத்தான் செய்தாள், நிற்காமல் ஏற முடிந்தால்தானே. போனில் பாட்டு ஓடும், நடுவில் தம்பி கூப்பிடுவான்.

“வீட்ல ஒரு அவசரம்னா என்னக்கா பண்றது?”

“என்ன அவசரம்? போன வாரம் நாலு தடவை கூப்பிட்ட. சாக்ஸ் காணோம். அடுப்பு பத்தலை. சார்ஜர் எங்க. நாலாவது தடவை, நான் எங்க இருக்கேன்னு கேட்ட. உன் தலைக்கு மேல ரெண்டு மாடி தள்ளி மூச்சு வாங்கிட்டிருந்தேன்டா.”

வாட்சைப் பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். தம்பி அதை வாங்கிய தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்குத்தான். தம்பி பின்னால் ஓடினான். எனக்கும் பேட்டரி வாங்கவேண்டியிருந்தது.

கடைக்காரர் மூன்று பிளேயர்களை எடுத்து வைத்தார். படி ஏறினால் கை வேர்க்குமே என்று, திரை வைத்த முதலாவதை ஈர விரலால் தேய்த்துப் பார்த்தாள். பாட்டு மாறவில்லை, தள்ளிவிட்டாள். இரண்டாவது சட்டைப்பையில் கல்லு மாதிரி கனத்தது. மூன்றாவது தீப்பெட்டி அளவு, பின்னால் கிளிப், முன்னால் நாலு பட்டன். காலரில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, கடை நடுவில் இருபது தடவை குதித்தாள். விழவில்லை. தடவிப் பார்த்தே பாட்டை மாற்றினாள்.

“இதுக்கு யாராச்சும் கூப்பிட முடியுமா?”

“முடியாதும்மா,” என்றார் அவர் தலையைச் சொறிந்தபடி. “போன் வசதியே கிடையாது. அதான் ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க.”

“வாட்சை எடுத்துக்கிட்டு இதக் குடுங்க.”

“அப்ப உன் போன் வீட்ல அடிச்சா யாரு எடுக்கறது?” என்றான் தம்பி. அவள் அவனைப் பார்த்த பார்வையில் நானே பேட்டரி கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரை. போன் வீட்டுக்குள் கதறிக்கொண்டிருந்தது; கூப்பிட்டவனும் வீட்டுக்குள்தான் இருந்தான். பிறகு படிக்கட்டில் “அக்கா, அக்கா” என்று ஐந்தாம் மாடிவரை சத்தம் ஏறியது. நானும் பின்னாலேயே ஏறினேன், முழங்கால் வலியோடு. அவன் வழியை மறித்து நின்று அவள் காதிலிருந்த இயர்போனைப் பிடுங்கினான்.

“நீலச் சட்டை எங்கக்கா?”

அறை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. குரல் மட்டும் பல் செதுக்கும் கத்தி மாதிரி வந்தது.

“உனக்கு முப்பத்தாறு வயசு. சட்டை உன்னோடது. பீரோ உன்னோடது. கண்ணும் உன்னோடது. இன்னொரு தடவை என் காதுல கைய வெச்ச, அந்தக் கையில விரல் இருக்காது. தள்ளு.”

தள்ளினான். இயர்போனைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த நாலு சுற்றையும் ஏறி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். ஒன்பது மணிக்கு ரெண்டு பெட்டியோடு வெளியே வந்தாள். லேபுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. அங்கேயும் நாலு மாடி இருக்கிறதாம். மாத்திரை வரைக்கும் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன், அதாவது கேட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தேன், இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

கல்யாணம் தம்பிக்குத்தான் நடந்தது, ஆறே மாதத்தில், அவசர அவசரமாக. பெண் பஸ் டிரைவர். முதல் பஸ்ஸை எடுக்க விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக்கூடாது என்பது சட்டம்.