நாத்தனார் தூக்கிய கை

ஊருக்குள் அவளுக்கு வானொலி என்று பேர். காலையில் வாயைத் திறந்தால் படுக்கப் போகும்வரை ஓயாது. அந்த வாய்க்காகவே தொழில் வளர்ச்சி அலுவலகத்தில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். வெளியூர் முதலாளிகளைக் கூட்டி வந்து, 'எங்கள் ஆட்களைப் போல வேறெங்கே கிடைப்பார்கள், இங்கே வந்து கம்பெனி வையுங்கள்' என்று பேசிப் பேசியே சம்மதிக்க வைக்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, அவள் பேசினால் கல்லும் கரையும். முதலாளிகள்தான் கரையவில்லை. ஊரின் பெரிய தொழிற்சாலை மூடிய பிறகு வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் போனதோடு சரி. பிழைப்புத் தேடி வெளியூர் போனவர்களில் அவள் வீட்டுக்காரரும் ஒருவர். பிள்ளைக்கு அப்பா என்றால் போனுக்குள் தெரிகிற முகம்தான்.

இன்றைக்கு வருகிற அம்மா லேசுப்பட்டவர் இல்லை. காருக்கு சீட் பெல்ட் தைக்கிற பெரிய கம்பெனியின் முதலாளி. அவர் சரி என்று சொன்னால் போதும், வீட்டுக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

ஊரில் மிச்சமிருந்தது ஒரு சின்ன சீட் பெல்ட் பட்டறை. வீட்டுக்காரரின் தங்கை, அதாவது வானொலியின் நாத்தனார், அங்கேதான் தைக்கிறாள். அந்தத் தையல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் தப்புச் செய்தாலும் உடனே கையைத் தூக்கி, "என் தப்பு!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். கத்தினால் எல்லா மெஷினும் நிற்கும். யாரும் திட்டக் கூடாது, எல்லாருமாக வந்து சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி உட்கார வேண்டும். பழைய தொழிற்சாலையில் பிடித்த பழக்கம். தொழிற்சாலை போயும் அது போகவில்லை.

வானொலி முந்தின நாளே பட்டறைக்குப் போய்க் காலில் விழாத குறையாகச் சொல்லி வைத்தாள்.

"அந்தம்மா இருக்கற வரைக்கும் யாரும் கைய தூக்கிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"தப்பு என்ன உங்ககிட்ட கேட்டுக்கிட்டா வரும் அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"நீ வாய மூடிட்டு இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்."

"அத யார் சொல்றதுன்னு பாருங்க!"

பட்டறையே சிரித்தது.

முதலாளியம்மா வந்தார். தைத்து முடித்த பெல்ட் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார், தையலை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

"தப்பு நடந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"எங்க ஆளுங்க கையில தப்பே வராதும்மா" என்று வானொலி வாய் கூசாமல் அடித்துவிட்டாள்.

சொல்லி வாயை மூடவில்லை, மூலையில் ஒரு கை உயர்ந்தது.

"என் தப்பு!"

வேறு யார், நாத்தனாரேதான். ஒரு மெஷின் பாக்கியில்லாமல் எல்லாம் நின்றன. வானொலி அவளை முறைத்தாள். அடிப்பாவி, சொந்த அண்ணன் பிழைப்பிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாளே!

"லேபிள் தைக்கிற மெல்லிசு நூல மாட்டிட்டேன். ஒரே கலரு, கவனிக்கல. வெடுக்குனு இழுத்தா அறுந்துடும். எந்தெந்த பெல்ட்டுல போயிருக்குன்னு தெரியாது. கட்டின பெட்டியெல்லாம் பிரிக்கணும்."

ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லாரும் எழுந்து வந்தார்கள். ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைக் கிழித்து, பெல்ட்டுகளைக் கொட்டி, ஒவ்வொரு தையலாகத் தடவ ஆரம்பித்தார்கள்.

முதலாளியம்மா நாத்தனாரிடம் போனார். "நான் போனப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"லாரி வாசல்ல நிக்குதும்மா. ஏத்திட்டா போச்சு. எந்த வீட்டுப் புள்ளைக்கு அத மாட்டுவாங்களோ." "எங்கண்ணன் ஊருக்கு வரணும்னு எனக்கும்தான் ஆசை. அதுக்காக இத மறைக்க முடியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைப் பிரிக்கப் போனாள்.

இப்பேர்ப்பட்ட ஆட்களையா நான் மூடி மறைக்கப் பார்த்தேன் என்று வானொலி தன்னையே நொந்துகொண்டாள். மெதுவாகத் தன் கையைத் தூக்கினாள்.

"என் தப்பு!" என்றாள், எல்லாருக்கும் கேட்க. "தப்பே வராதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்ம்மா. கைய தூக்காதீங்கன்னு இவங்ககிட்ட கெஞ்சினதும் நான்தான். இவங்க கேக்கல. எங்க ஆளுங்க முதலாளி பாத்தாலும் இப்படித்தான், பாக்காட்டியும் இப்படித்தான். வேணும்னா வாங்க. வேணாம்னா நஷ்டம் உங்களுக்குத்தான்."

முதலாளியம்மா கைப்பையை ஓரமாக வைத்தார். ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன ஊர்லயும் தப்பே வராதுன்னுதான் சொன்னாங்க. அதான் கிளம்பி வந்துட்டேன்" என்றார். "இந்த மாதிரி எத்தன பேர் இருக்காங்க?"

"வெளியூர் போனவங்களையும் சேத்தாம்மா?"

"சேத்துதான். அவங்கள விட்டுட்டு நான் எப்படி கம்பெனி நடத்தறது? பேரச் சொல்லுங்க."

பெட்டிக் குவியலுக்குப் பின்னாலிருந்து நாத்தனாரின் கை மறுபடியும் உயர்ந்தது.

"அண்ணி, மொதல்ல எங்கண்ணன் பேரு!"