பதில் சொல்லாத ஒருவர்

துணைவேந்தர் அம்மாவுக்குப் பதவியை இன்னும் மூன்று வருடம் நீட்டித் தருவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அன்று மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். காலையில் சாப்பிடும்போது வீட்டில் கேட்டார். மகன், "ஜமாய்ச்சிடுங்கம்மா" என்றான். மருமகள் கைதட்டினாள். வீட்டுக்காரர் தட்டைக் கழுவிவைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு அம்மா காரில் ஏறினார்.

அம்மா புள்ளியியல்காரர். கணக்கெடுக்கப் போனால் கதவைத் திறக்காதவர்கள், கேட்டால் வாயைத் திறக்காதவர்கள், இவர்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. அந்த விஷயத்தில் எப்பேர்ப்பட்ட தலையும் அவரிடம் வாலாட்ட முடியாது. பேசாதவர்களை விட்டுவிட்டால் கணக்கே குட்டிச்சுவர்; மறுபடி போ, உட்கார், பதில் வரும்வரை எழுந்திருக்காதே என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டே துறைத்தலைவராகி, துணைவேந்தராகவும் ஆனார்.

மதியம் பதிவாளர் வந்தார். மாலை வகுப்புகளை மூடலாமா என்று மாணவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள்.

"எண்பது சதவீதம் பேருக்கு ஆட்சேபம் இல்லைங்க மேடம்."

"எத்தனை பேர் பதில் சொன்னாங்க?"

"பாதிப் பேர்தான். மிச்சப் பேரை ஆட்சேபம் இல்லாதவங்களோட சேர்த்துட்டோம்."

அம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "வாயத் திறக்கலன்னா சரின்னு அர்த்தமா? வேலை முடிஞ்சு ஓடி வர்ற பிள்ளைங்க, அதுங்களுக்கு ஏதுங்க நேரம்? நேர்ல போய் அவங்ககிட்ட..."

பாதியில் நின்றுவிட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன முதுகு கண்முன் வந்தது. அம்மா துறைத்தலைவரானபோதும் அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியூர் வேலைக்கு இரண்டு வருடம் போனபோதும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா அவரைச் சரி சொன்னவர்களோடுதான் சேர்த்திருந்தார். கோப்பை மூடிவைத்துவிட்டு எழுந்தார்.

நேரே வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வெயில் தாழறதுக்குள்ள வந்துட்ட? உடம்பு சரியில்லையா?"

"ஏங்க, காலையில கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே."

"நீ என்னைப் பார்த்துக் கேட்கலையே."

அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். அவர் எதிரே உட்கார்ந்து, துணிக்குவியலில் பாதியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இப்போ பார்த்துக் கேட்கிறேன். நீங்க பதில் சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் ஒரு சட்டையை உதறி, நிதானமாக மடித்தார்.

"அப்படின்னா நான் சொல்லப் போறதில்ல" என்றார்.

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கைப்பைக்குள் போன் அடித்தது. மேலிடம்தான்.

"வேற ஆளைப் பார்த்துக்கட்டும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.