கைப்பிடி வைத்த மெஷின்

கடைக்குள் நுழைந்ததும் என் மகள் நேராகப் பொத்தான் மெஷின்கள் இருந்த வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்கு ஒரு எஸ்பிரெஸோ காபி மெஷின் வாங்க வேண்டும் என்று சொன்னது நான். எது என்று முடிவு செய்தது அவள். வாரம் முழுக்கப் போனில் எதையெதையோ படித்து, வீடியோ பார்த்து, கடைசியில் வெள்ளையாக, சோப்புப் பெட்டி மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். ஒரு பொத்தானைத் தொட்டால் போதுமாம். கொட்டையை அதுவே அரைக்கும், தண்ணீரை அதுவே ஏற்றும், கோப்பையில் அதுவே இறக்கும், சக்கையையும் அதுவே ஓர் ஓரமாகத் தள்ளிவிடும். குடிப்பது மட்டும்தான் நம் வேலை. அதையும் அதுவே செய்துவிட்டால் நான் வீட்டில் எதற்கு என்று கேட்டேன். "ஆரம்பிக்காதம்மா," என்றாள்.

நான் நகரப் பேருந்து ஓட்டினவள். ஒரு நாள் காலை பணிமனையில் வண்டியை எடுக்க ஏறும்போது வலது பக்கம் என் சொல்பேச்சு கேட்காமல் போய்விட்டது. பக்கவாதம். பேச்சு திரும்பி வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது என்பார் என் கணவர். காலும் ஒருவழியாக வந்தது. கைதான் பாதி வந்து பாதியில் நின்றுகொண்டது. மூடும், திறக்காது. எதையாவது பிடித்தால் உடும்புப் பிடி. நான் என்ன சொன்னாலும் விரல்கள் கேட்காது. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவைத்தால் தானாகத் தளர்ந்து விடும். ஆனால் சும்மா விட்டுவைக்கிற ஆட்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

என் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கப் புட்டி மூடிகளைத் திறந்த பழக்கம், என் விரல்களையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திறப்பார். பல் துலக்கும் பிரஷ், கதவுப் பிடி, கரண்டி, எதில் என் கை மாட்டினாலும் எங்கிருந்தோ வந்து நிற்பார். கேட்க மாட்டார், சொல்ல மாட்டார், சுண்டு விரலில் ஆரம்பிப்பார். நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மாள் ஆசையாக என் கையைப் பற்றினாள், நானும் பற்றினேன், அதோடு அவளால் எழுந்து போக முடியவில்லை. அவர்தான் வந்து விடுவித்தார். அந்த அம்மாள் இப்போது வாசலில் நின்றே நலம் விசாரிக்கிறாள். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்பாகத்தான் செய்கிறார். அதைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளரில், வெதுவெதுப்பாக, யாரோ கலந்து யாரோ ஆற்றிக் கொடுக்கிற காபியைத்தான் இவ்வளவு நாளும் குடித்துவந்தேன். நாளுக்கு ஒரு காபி தாராளமாகக் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒன்று சூடாகவும் கசப்பாகவும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் உண்மையைச் சொன்னால் காபிகூடப் பெரிதில்லை. அந்த வீட்டில் என் கையில் தொடங்கி என் கையிலேயே முடிகிற வேலை என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஒன்றாவது எனக்கு வேண்டும்.

கடையின் மூலையில் அது நின்றுகொண்டிருந்தது. எவர்சில்வர் உடம்பு, முன்னால் ஒரே ஒரு நீளமான கைப்பிடி. பொத்தான் இல்லை, திரை இல்லை. கைப்பிடியைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் சுருங்கும். பிறகு அது மெதுவாக மேலே ஏறிக்கொண்டே காபியைக் கீழே தள்ளும். இவ்வளவுதான். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், பிறகு என் மகளைப் பார்த்துப் பேசினாள்.

"இது கொஞ்சம் பலம் கேக்கும். வாங்கிட்டுப் போறவங்களே திருப்பிக் கொண்டாந்துடறாங்க. அம்மாவுக்கு அந்த வெள்ளை மெஷின்தான் சரியா இருக்கும்."

"அம்மாவுக்குக் காது நல்லா கேக்கும். என்கிட்டயே சொல்லுங்க," என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் சிவந்து, என் பக்கம் திரும்பினாள். "இழுத்துப் பாருங்கம்மா. ஆனா உள்ள தண்ணியும் தூளும் இல்ல. சும்மா இழுக்கும்போது மட்டும் கைய விட்டுடாதீங்க. தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால விருட்டுனு மேல வந்து அடிச்சிடும். புடிச்சுக்கிட்டே கூடப் போகணும்."

வலது கையைக் கைப்பிடியில் வைத்தேன். அது உடனே மூடிக்கொண்டது. அதன்மேல் இடது கையை வைத்து, உடம்பின் கனத்தை முழுக்க அதில் போட்டேன். கைப்பிடி முரண்டு பிடித்தது, பிறகு இறங்கியது. அடிவரைக்கும் இறங்கியது. பழைய வண்டிகளில் கியர் விழும்போது தோள்வரைக்கும் ஒரு திருப்தி ஏறும். அது ஏறியது. இடது கையை எடுத்துவிட்டேன். வலது கை தனியாகவே அந்த ஸ்பிரிங்கைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றது. மாதக் கணக்காகத் தண்டம் தண்டம் என்று நான் திட்டிக்கொண்டிருந்த கை.

என் கணவர் அதுவரை கோப்பைகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண்மணி சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். மனைவியின் கை எதிலோ மாட்டியிருக்கிறது. விறுவிறுவென்று வந்து குனிந்தார்.

"இருங்க," என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கட்டை விரல் வரைக்கும் திறந்துவிட்டார்.

கைப்பிடி துள்ளி எழுந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டது. மூக்குக் கண்ணாடி பறந்து போய் வெள்ளை மெஷினின் தட்டில் விழுந்தது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிய கணவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சிரிக்கக் கூடாதுதான். அடக்க முடியவில்லை.

"சிரிக்கிற?" மகளின் குரல் உயர்ந்தது. "பாத்தியா இல்லியா? இதுல கொதிக்கிற தண்ணி வேற இருக்கும். வீட்ல தனியா இருக்கும்போது இப்படி ஆச்சுன்னா?"

"தனியா இருந்தா ஆகாது. நான் விடல. உங்கப்பா பிரிச்சுவிட்டார்."

"அவ கை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்," என்றார் அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே.

"மாட்டல. புடிச்சிருந்தேன்."

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அப்போது எட்டியதாகத் தெரியவில்லை. அவர் கன்னத்தில் ரத்தம் கசிவதைப் பார்த்துக் கடைக்காரப் பெண்மணி பஞ்சு எடுக்க உள்ளே ஓடினாள். மகள் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி முதலில் வியர்க்கும், சின்ன வயதிலிருந்தே அப்படி.

"நீ விழுந்த அன்னைக்கு டிப்போலேருந்து வந்த போனை எடுத்தது நான்தாம்மா. உனக்குத் தெரியாது. நான் இன்னைக்கும் போன் அடிச்சா நடுங்குறேன்."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. வெள்ளை மெஷினை வாங்கிக்கொண்டு போய்விட்டால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். அவள் நிம்மதிக்காக நான் எதையும் கொடுப்பேன். கார் சாவியைக் கொடுத்தேன், அடுப்பைக் கொடுத்தேன், குளியலறைத் தாழ்ப்பாளைக்கூடக் கொடுத்தேன். இன்னும் கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது நாற்காலியும் அதில் நானும்தான்.

"தெரியும் கண்ணு," என்றேன். "அதுக்காக நான் தினமும் விழுந்துக்கிட்டே இருக்கணுமா?"

நான் திரும்பி நடந்து போய், பஞ்சோடு வந்த பெண்மணியிடம் கைப்பிடி வைத்ததைக் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். "நல்லா யோசிச்சுக்கங்கம்மா," என்றாள். யோசிக்கிற வேலையைத்தான் எல்லோரும் எனக்காகச் செய்துகொண்டிருக்கிறார்களே, இனி நான் குடிக்கிற வழியைப் பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை சமையலறை ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. மகள் கையில் தடிமனான துணியோடு ஒரு பக்கம், கன்னத்தில் பிளாஸ்திரியோடு என் கணவர் மறு பக்கம். முதல் தடவை தூளைச் சரியாக அழுத்தவில்லை. கைப்பிடி அவசர அவசரமாக ஏறிப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும். சக்கையைத் தட்டினேன். பாதி தரையில் விழுந்தது. துடைக்கக் குனிந்த மகளை அப்புறம் நானே துடைத்துக்கொள்கிறேன் என்று நிமிர வைத்தேன். இடது கையால் வடிகட்டியில் மறுபடி தூள் நிரப்பி, இடுப்பை மேடையில் முட்டுக் கொடுத்து அழுத்தி, அதை மெஷினில் மாட்டித் திருகினேன். நேரம் ஆனது. எனக்கு எந்த அவசரமும் இல்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். அடியில் நிறுத்தி, உள்ளே தண்ணீர் இறங்கும்வரை பிடித்திருந்தேன். இடது கையை எடுத்தேன். இந்தத் தடவை தூள் எதிர்த்து நின்றது. கைப்பிடி மெல்ல, மிக மெல்ல ஏற, என் வலது கையும் அதோடு ஏறியது. மார்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது. தோளுக்கு மேலே அந்தக் கை போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அக்குளில் சுளீரென்று வலித்தது. கீழே கோப்பையில் கெட்டியாக, கறுப்பாக, நூல் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. வாசனை வீட்டை நிறைத்தது. கடைசிச் சொட்டு விழுந்து, கைப்பிடி உச்சியில் போய் நின்றது. கையும் அங்கேயே நின்றது, தலைக்கு மேலே, இறுக்க மூடியபடி.

என் கணவர் ஓர் அடி முன்னால் வந்தார். சுண்டு விரலைத்தான் பார்த்தார்.

"கிட்ட வராதீங்க."

"வலிக்குதா?"

"வலிக்குது."

"பின்ன?"

"அதுவா விடும்."

அவர் நின்றார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மகள் துணியை மேடைமேல் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோப்பையில் நுரை நடுவிலிருந்து மெதுவாக விலகத் தொடங்கியிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மூன்று பேரும் அந்தக் கையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.