பலகையின் கடைசி வரி

கல்லூரித் தத்துவத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கெல்லாம் அவர் துறைத்தலைவர்தான். மனைவியும் அப்படித்தான் சொல்வாள். அவள் சொல்லும்போது மட்டும் அதில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

அருங்காட்சியகத்தில் இந்து, பௌத்தச் சிற்பங்களுக்கென்று புது அறை திறக்கப்போகிறார்கள். வாசலில் மாட்டும் அறிமுகப் பலகைக்கு அவரிடம் வாசகம் கேட்டார்கள். சுருக்கமாக வேண்டும் என்பது நிபந்தனை. 'வணக்கம்' சொல்லவே கால் மணி நேரம் எடுக்கும் மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

குறை சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினார். இந்து சமயத்துக்குத் தோற்றுவித்தவர் என்று ஒருவர் இல்லை; வேத வேள்விகளும், காட்டில் அமர்ந்து கேட்ட கேள்விகளும், ஊரூரின் தெய்வங்களும் வந்து கலந்த பெருக்கு அது. உடல் அழிந்தாலும் ஆன்மா அழியாது, வினை பிறவிதோறும் தொடரும், வீடுபேறே முடிவு. புத்தரும் வினையை, மறுபிறப்பை ஏற்றார். ஆனால் 'நான்' என்று நிலையாக எதுவும் இல்லை என்றார்.

சிக்கல், அடியில் வரவேண்டிய அவர் பெயரில்தான் வந்தது. முன்னால் பட்டங்கள், பின்னால் பழைய பதவிகள் என்று அதற்கே ஒரு முழு வரி வேண்டியிருந்தது. பலகை செய்பவன் மனைவியின் தம்பி. இடமில்லை என்று கையை விரித்தான். பெயரை விட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். துறைத்தலைவர் காதில் அது விழவில்லை.

"வாசகத்துல கடைசி வரியை எடுத்துடு. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

அவர் மனதில் இருந்தது கடைசி வாக்கியம். மைத்துனன் வாசகத்தைப் படிக்கிற ஆள் இல்லை, அளக்கிற ஆள். பலகையில் கடைசியாக இருந்த வரியை அப்படியே தூக்கிவிட்டான்.

திறப்பு விழாவன்று துறைத்தலைவர் மனைவியோடு முன்கூட்டியே போய்த் திரையை விலக்கினார். பெயர் பளிச்சென்று இருந்தது. அவள் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"'வாழ்வில் துன்பம் உண்டு என்றார் புத்தர். அந்தத் துன்பத்துக்குக் காரணம்...'"

அடுத்த வரியில், முனைவர் தொடங்கி, அவர்.

"உள்ளதைத்தானே எழுதியிருக்கீங்க," என்றாள்.

பலகையில் விடுபட்ட வரி, 'ஆசை. அது அற்றால் விடுதலை' என்பது. மைத்துனன் ஓடினான், வேர்க்க விறுவிறுக்க அந்த வரியை ஒரு பட்டையில் அடித்துக்கொண்டு வந்தான்.

"அத்தான், புதுப் பலகைக்கு இப்ப நேரமில்ல. இதை ஒட்டணும்னா உங்க பேரு மேலதான் ஒட்டணும். என்ன பண்ணட்டும்?"

விருந்தினர்கள் படியேறும் சத்தம் கேட்டது. 'நான்' இல்லை என்பதைத் தப்பாக எழுதிய மாணவர்களுக்கு ஈவு இரக்கமில்லாமல் மதிப்பெண் குறைத்தவர் அவர். பட்டையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடி பெயரையே பார்த்தார்.

"ஒட்டு," என்றார். உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் மைத்துனன் ஒட்டினான்.

விழா முடிந்து கூட்டம் சிற்பங்களைப் பார்க்க உள்ளே போனது. துறைத்தலைவர் பலகையை விட்டு நகரவில்லை. நின்று படிப்பவர்களிடமெல்லாம் தானே போய்ப் பேச்சுக் கொடுத்தார்.

"நான் எழுதினதுதான். பேர் போட இடம்கூட விட்டிருந்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

நாலைந்து பேரிடம் இதையே சொல்லி முடிக்கும்வரை மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா? இனிமே தினமும் வரணும்ல."

அவர் பலகைக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்.

"கை வெச்சதா இருந்தா நல்லது."