தாமஸ் நிறுத்தாத பாட்டு

ஒயினைப் புகழ்ந்து பாட ராயபுரத்தில் வேறு ஆளே இல்லையா என்று ஜானட் பொருமிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தாமஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன தவக்காலத்தில் குடியை விட்டவன். ஈஸ்டர் வந்து போன பிறகும் தொடவில்லை. அவனைப் போய், கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஹில்டா ஒரு பழைய இங்கிலீஷ் குடிப்பாட்டுக்குப் பிடித்துப் போட்டிருந்தாள்.

"காசிமேட்டு மீனுக்குப் பூனையக் காவல் வெச்ச கதையா கீது ஹில்டாக்கா."

"பாட்டுதானே ஜானட். கோப்பையில வெறும் திராட்சை ஜூஸு. நான் கேரண்டி."

அந்தக் காலத்து லண்டன் மதுக்கடைகளில் பாடிய பாட்டாம் அது. ஒருவர் முதல் வரியைப் பாடிவிட்டு இரண்டாம் வரிக்கு நகர, அடுத்தவர் முதல் வரியில் நுழைய வேண்டும். அவர் பின்னாலேயே மூன்றாமவர். திராட்சை மதுவே, உன்னைக் கண்டால் கவலை ஓடும் என்று மூன்று குரல்களும் ஒன்றையொன்று துரத்தும். பாடி முடித்தவர் கோப்பையைக் காலி செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். கடைசியில் முடிப்பவன் தாமஸ். அந்த அடித்தொண்டைக் குரல் குழுவில் வேறு யாருக்கும் கிடையாது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவன் பாடிப் பாடி, ஜானட்டுக்கே பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

பாட்டு மேடையேறிய மாலுமிகள் மன்றத்து விழாவில் வினை வேறு வழியில் வந்தது. வெளிநாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர், இந்தப் பாட்டுக்கு ஜூஸா என்று சிரித்து, தான் கொண்டுவந்த ஒயினை மூன்று கோப்பைகளிலும் தாராளமாக ஊற்றிவிட்டார். ஹில்டா தடுப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. பாட்டும் தொடங்கிவிட்டது.

முன்வரிசையில் ஜானட் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். ஹில்டா முடித்தாள், குடிக்கத் தொடங்கினாள். இளைஞன் ஜோ முடித்தான், அவனும் கோப்பையை வாயில் கவிழ்த்தான். கூட்டம் தாமஸைப் பார்த்தது. கேப்டன் தன் கோப்பையை அவனுக்கு நேராக உயர்த்தினார். தாமஸின் விரல்கள் கோப்பையை இறுக்குவதை ஜானட் பார்த்தாள்.

கடைசிச் சொல் வந்தது. தாமஸ் நிறுத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வரியை மறுபடி தொடங்கினான்.

துணைக்கு யாரும் நுழையவில்லை. ஜோவின் வாய் நிறைய ஒயின். துரத்த ஆளில்லாத பாட்டு நொண்டியது. தாமஸின் குரல் நடுங்கியது. கோப்பை மெல்ல மேலே எழுந்தது.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாளும் வாய் திறந்திராத ஜானட் எழுந்து நின்றாள். முதல் வரியைப் பிடித்தாள். சுருதி சற்று விலகித்தான் இருந்தது. தாமஸ் திரும்பிப் பார்த்தான். குரல் நிமிர்ந்தது. ஹில்டா அவசரமாக விழுங்கிவிட்டு மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டாள். கோப்பையை மேசையில் வைத்த தாமஸ், இரண்டு கைகளாலும் தாளம் தட்ட ஆரம்பித்தான். கூட்டமும் தட்டியது. பாட்டு சுற்றிச் சுற்றி வந்தது. கேப்டன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் கோப்பையைத் தானே குடித்துவிட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓய்ந்தபோதும் தாமஸின் கோப்பை மேசையில் நிறைந்தே இருந்தது.

மேடையிலிருந்து இறங்கியவனின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"எங்க நிறுத்தறதுன்னே தெரியல ஜானட். நிறுத்துனா குடிச்சிருப்பேன்."

"நான் நிறுத்த வுட்டாதானே," என்றாள்.

அடுத்த ஒத்திகை என்றைக்கு என்று அவளே ஹில்டாவிடம் கேட்டாள்.